முப்பது மீட்டரில் ஒரு சிவப்பு மீன்

கேப்டனுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவர் சொல்வதையெல்லாம் நீங்களும் நம்பித் தொலைப்பீர்கள்.

அவருடைய தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பிவைக்கும் பிளாஸ்டர் அச்சுகளை முன்னால் வைத்துக்கொண்டு, திங்கள் முதல் சனி வரை வீட்டின் பின்னறையில் மெழுகும் அரமுமாக உட்கார்ந்திருப்பார். அந்தப் பல் யார் வாய்க்குப் போகிறது, அந்த வாய் என்ன பேசுகிறது என்று ஒன்றும் தெரியாது. அலமாரி நிறையத் தாடைகள். எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், ஒன்றுக்கும் காது கிடையாது. ஆறு நாளும் இப்படிக் கிடக்கிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணி ஆனால்தான் உயிர் வரும். அன்றைக்குத்தான் மீன் வளர்ப்பவர்கள் எட்டுப் பேர் அவர் வீட்டு முன்னறையில், ஆறடித் தொட்டிக்கு முன்னால் கூடுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கைவலை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பேச்சு. வலையைப் பிடித்தவர் தொட்டிக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார். வலை மறுபடி வாளிக்குள் விழும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, கேள்வியெல்லாம் அதற்கப்புறம்தான். குஞ்சு பொரித்த கதை, பாசி பிடித்த கதை எல்லாம் பேசி முடிந்ததும் பேச்சு எப்படியும் வெயில் நாட்டுக் கடல்களுக்குப் போய்விடும். லிஃப்ட் மெக்கானிக் ஒரு தீவுக்குப் போய் ஒரு வாரம் முகமூடியும் மூச்சுக்குழாயுமாகக் குப்புற மிதந்தவர். எதையும் மாடிக் கணக்கில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம், தான் பார்த்தது அரை மாடி ஆழம் என்பார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயரான அம்மா ஒருவர், அக்காவோடு கண்ணாடி அடிப் படகில் போனவர். பவளத்தைப் பார்த்த நேரத்தைவிட வாந்தியெடுத்த பையைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்று அவரே ஒப்புக்கொள்வார்.

சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நிஜமாகவே அடிக்கடலுக்கு இறங்கியவர் கேப்டன் ஒருவர்தான். அப்படித்தான் எல்லோரும் ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது வேறு. கூட்டம் ஆரம்பித்த புதிதில் அவர் ஒரு வாரம் காணாமல் போனார். போனது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு, மூல ஆபரேஷனுக்கு. திரும்பி வந்த மறுநாளே எல்லோரும் திமுதிமுவென்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? டைப்பிஸ்ட் அம்மா வேறு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் பட்டது தொட்டி. வாயில் வந்தது "கடலுக்கு." நாற்காலியிலிருந்து அவசரமாக எழுந்தபோது, அடியில் வைத்திருந்த காற்றடைத்த ரப்பர் வளையமும் கையோடு வந்துவிட்டது. உட்கார முடியாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற வளையம். இது என்ன என்று லிஃப்ட் மெக்கானிக் கேட்டார். மிதவை என்றார் நம் ஆள். அன்று மாலையே அவர் கேப்டன் ஆனார். வளையம் தொட்டிக்கு மேலே ஆணியில் ஏறியது.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை வளையத்தை இறக்கி, தொட்டியின் காற்று மோட்டாரைச் செருகி, கும்மென்று காற்றேற்றி மறுபடி மாட்டிவைப்பாள். மாட்டும்போது மட்டும் புருஷனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு மூலமே தேவலாம் என்றிருக்கும் அவருக்கு.

வருஷத்துக்கு ஒருமுறை, கூட்டம் ஆரம்பித்த நாளில், கேப்டன் வலையைப் பிடித்து அந்தக் கதையைச் சொல்வார். தென்னை நிழல், மணல், சின்னப் படகு, முதுகில் சிலிண்டர், கீழே கீழே போகிற பச்சை வெளிச்சம். கடைசியில் பாறை இடுக்கிலிருந்து நெருப்பு மாதிரி வெளியே வந்து அவர் முகத்துக்கு நேரே நின்ற ஒரு சிவப்பு மீன். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த மீன் வந்ததும் எட்டுப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதில் ஒரு சங்கடம், டைப்பிஸ்ட் அம்மா எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதி, வீட்டுக்குப் போய் டைப் அடித்து, ஃபைலில் கோத்துவைப்பார். முதல் வருஷம் பன்னிரண்டு மீட்டர் ஆழம், அடுத்த வருஷம் பதினெட்டு, இப்போது முப்பது. ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று அந்த அம்மா கேட்டதற்கு, கடல்மட்டம் உயர்ந்துகொண்டே வருகிறதே, நீங்கள் பேப்பர் பார்ப்பதில்லையா என்று கேப்டன் திருப்பிக் கேட்டார். அதையும் டைப் அடித்துவிட்டார்.

இந்த வருஷம் அந்த நாள் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது லிஃப்ட் மெக்கானிக் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில், வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிற ஒரு பெண்மணியைப் பார்த்தாராம். துறைமுகத்தில் வேலை, பதினோரு வருஷமாகத் தினமும் தண்ணீருக்கடியில் இறங்குகிறவர். கேப்டன் கதையை இவர் எடுத்துச் சொல்ல, அவசியம் நேரில் கேட்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். சந்தோஷம்தானே கேப்டன் என்றார்.

கேப்டன் மனசுக்குள் கணக்குப் போட்டார். நிஜமாக முக்குளிக்கிற ஆள் முன்னால் உட்கார்ந்தால் இரண்டாவது நிமிஷமே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் யார் கையில் வலையைக் கொடுப்பார்கள்? கூட்டத்தை லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தாடைகளோடுதான் உட்கார வேண்டும்.

பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கியதும் வெளியேறவில்லை. சனிக்கிழமை காலையில், ஒன்பது வருஷமாகத் தலைகாட்டாத பழைய வியாதி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தது வியாதிதான், அவரால் உட்கார முடியவில்லை.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"எந்த உண்மையை? எங்க ஆபரேஷன்னும் சேத்தா?"

"இல்லேன்னா அந்த வளையத்தையாவது இறக்கித் தரேன். உக்காந்துக்கோங்க."

"அது மிதவை" என்றார் கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குத் துறைமுகத்தம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். குட்டை உருவம், அகலமான தோள், ஒட்ட வெட்டிய முடி, விரல்களெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய கீறல். வந்தவர் யாரிடமும் அதிகம் பேசாமல் நேரே தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அதில் ஓடுகிற மீன்களைக் கண் கொட்டாமல் பார்த்தார். கேப்டன் முந்திக்கொண்டு, விருந்தாளி நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்று வலையை நீட்டினார். நான் கேட்கத்தான் வந்தேன் என்று அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். தப்பிக்க வழியில்லை.

கேப்டன் ஸ்டூலின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் கதையை ஆரம்பித்தார். வம்பில்லாமல் சுருக்கிவிடலாம் என்று பார்த்து, ஆழம் ஒரு எட்டு மீட்டர் இருக்கும் என்றார். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு வாய் திறக்க உரிமையில்லை. ஆனால் ஃபைலைத் திறந்து, போன வருஷத் தாளை எடுத்து, முப்பது என்கிற இடத்தில் விரலை வைத்துத் தூக்கிப் பிடித்தார். அந்தக் கோர்ட்டில் எத்தனை பேர் இப்படி மாட்டினார்களோ, பாவம். கேப்டன் முப்பதுக்கு இறங்கினார். ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றிச் சொன்னபோது துறைமுகத்தம்மாவின் புருவம் ஏறியது. ஏறின புருவத்தைப் பார்த்ததும் கேப்டனுக்குப் பேச்சு தடுமாறியது. எப்படியாவது முடித்துவிட வேண்டுமென்று, பாறை இடுக்கிலிருந்து சிவப்பு மீன் வெளியே வந்தது என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்துவிட்டார்.

வலி சுரீரென்று ஏறியது. ஸ்டூலைவிட்டு ஒரு முழம் துள்ளினார். மீனைப் பார்த்த பரவசத்தை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து லிஃப்ட் மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது.

துறைமுகத்தம்மா மட்டும் எழுந்தார். தொட்டியைச் சுற்றி வந்து, ஆணியிலிருந்த வளையத்தைக் கழற்றினார். அதைத் திருப்பி, சுவரைப் பார்த்திருந்த பக்கத்தைப் படித்தார். அங்கே அழியாத மையில் எழுதியிருந்தது கேப்டனுக்கு மனப்பாடம்: ஆண்கள் பிரிவு, கட்டில் பதினான்கு. தொலைந்தது, எல்லாம் தொலைந்தது என்று வலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா எழுத்து அடியில் போகும்படி வளையத்தை ஸ்டூலின் மேல் வைத்தார். உட்காரும்படி கை காட்டினார். கேப்டன் உட்கார்ந்தார். அப்பாடா! அந்தச் சுகத்தை வார்த்தையில் சொல்ல முடியாது, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மீதிக் கதையை அவர் சொன்ன அழகுக்கு, ஒன்பது வருஷத்தில் இதுதான் உச்சம் என்று பிற்பாடு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

வலை வாளியில் விழுந்ததும் முதல் கேள்வி வளையத்தைப் பற்றித்தான் வந்தது. துறைமுகத்தம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஆழத்தைப் பத்திப் பேசறவங்க மிதவை மேல உக்காந்துதான் பேசணும். எங்க வேலையில அது வழக்கம். இவ்வளவு வருஷமா நீங்க அதைச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கீங்களே."

டைப்பிஸ்ட் அம்மா அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

எல்லோரும் பிஸ்கட்டும் டீயுமாக இருந்தபோது கேப்டன் வலையை அலசுகிற சாக்கில் அடுப்படிக்குள் நுழைந்தார். பின்னாலேயே துறைமுகத்தம்மாவும் வந்துவிட்டார். மனைவி நகரவில்லை, வேண்டுமென்றே டம்ளரைத் துடைத்துக்கொண்டு நின்றாள். துறைமுகத்தம்மா குரலைத் தாழ்த்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, வெறும் காற்று. முப்பது மீட்டரில் சுத்தமான ஆக்சிஜனை இழுத்தால் ஆள் மேலே வரமாட்டான். அவ்வளவு ஆழத்தில் சிவப்பு என்பதே கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் சாம்பலாகத்தான் இருக்கும். டார்ச் அடித்தால் மட்டும்தான் சிவப்பு தெரியும். உங்கள் கதையில் டார்ச்சே இல்லை.

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே சொல்லிவிடப் போகிறீர்களா என்று கேட்டார்.

"சொல்லிட்டு?" என்றார் அந்த அம்மா. "நான் கப்பலுக்கு அடியில ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டறவ. துறைமுகத் தண்ணி எப்படி இருக்கும்னு நெனைக்கறீங்க? என் கையை என் கண்ணு முன்னாடி நீட்டினா எனக்குத் தெரியாது. பதினோரு வருஷத்துல கலர் மீன் ஒண்ணுகூட பாத்ததில்ல. என்னமோ வழவழன்னு கன்னத்துல இடிச்சிட்டுப் போகும். மீனா இருக்கும்னு நெனைச்சுக்குவேன். அதனாலதான் வீட்ல தொட்டி வெச்சிருக்கேன்."

மனைவி டம்ளர் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

விஷயம் துறைமுகத்தம்மாவின் நாத்தனாரிடம் இருந்தது. சாக்கடையில் முங்குகிற வேலை என்று கல்யாணமான நாளிலிருந்து அந்த நாத்தனார் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பாளாம். பொறுக்க முடியாமல் ஒருநாள், உனக்கென்ன தெரியும், தினமும் நான் எப்படியெப்படி மீன்களைப் பார்க்கிறேன் தெரியுமா என்று அளந்துவிட்டார். அன்று தொடங்கியது, நிறுத்த முடியவில்லை. தன் தொட்டியில் இருக்கிற ஆறு மீனையும் மாற்றி மாற்றிச் சொல்லித் தீர்த்தாயிற்று. அடுத்த ஞாயிறு நாத்தனாரும் கூட வருகிறாள், நீ இவர்கள் முன்னால் பேசு பார்க்கலாம் என்கிறாள்.

"அந்தச் செவப்பு மீனை எனக்குக் குடுங்க" என்றார். "ஒரே ஒரு வாரத்துக்கு."

கேப்டன் யோசிக்க வேண்டியிருந்தது. அவரிடம் இருந்தது அந்த ஒரு மீன்தான். ஆனால் ஆணியிலிருந்து வளையத்தைக் கழற்றிய கை எதிரே நிற்கும்போது மனுஷன் எப்படி இல்லை என்பான்? சரி என்றார்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்து முதல் வரிசையில் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். வளையம் முறைப்படி ஸ்டூலுக்கு வந்தது. கேப்டனுக்கு வியாதி இன்னும் அடங்கவில்லை, ஆனால் வலை இல்லாதவருக்கு வளையமும் இல்லை என்றாகிவிட்டதே. கதவருகில் சாய்ந்துகொண்டு நின்றார். துறைமுகத்தம்மா வளையத்தில் ஜம்மென்று அமர்ந்து வலையைப் பிடித்தார்.

பிடித்தவர் பிய்த்து உதறிவிட்டார். மேலிருந்து குழாயில் காற்று வருகிற சத்தம், காதில் ஏறுகிற அழுத்தம், உதட்டுக்குள் புகுகிற உப்பு, எல்லாம் நிஜம். பாறை இடுக்கில் இருந்தது மட்டும் கேப்டனின் மீன். அது வெளியே வந்ததும் நாத்தனார் காலைக் கீழே இறக்கிவிட்டாள். தன் மீன் அடுத்தவர் வாயிலிருந்து இவ்வளவு அழகாக வருகிறதே என்று கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன? ஒன்பது வருஷம் வளர்த்த மீன்.

வலை வாளியில் விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். போன வாரம் கேட்டதிலிருந்து ஆசை பிடித்து, முக்குளிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்துவிட்டாராம். பத்து மாடி ஆழத்தில் சிவப்பு தெரியவே தெரியாது என்று அதில் போட்டிருக்கிறது, அப்புறம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். மனசில் ஒரு விகற்பமும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படிப்பட்டவர்கள்தான் கழுத்தை அறுப்பார்கள்.

துறைமுகத்தம்மா வாயெடுப்பதற்குள் நாத்தனார் குறுக்கே விழுந்தாள்.

"இவளைக் கேக்காதீங்க, எதையாவது சொல்லிச் சமாளிச்சிடுவா. அதோ நிக்கறாரே, அவரும் பாத்தவர்தானே? அவர் சொல்லட்டும்."

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. கேப்டன் பார்த்தார். துறைமுகத்தம்மா அந்தக் கீறல் விழுந்த கைகளை மடியில் பிசைந்துகொண்டிருந்தார். டார்ச் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மா பிழைத்துவிடுவார். ஆனால் டைப்பிஸ்ட் அம்மா மடியில் ஃபைல் இருக்கிறது. ஒன்பது வருஷக் கதையிலும் டார்ச் கிடையாது. சொல்லாமல் மழுப்பினால் தன் மீன் தப்பிக்கும், நாத்தனார் இந்தப் பெண்ணை உயிரோடு தின்றுவிடுவாள். அடுப்படி வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"புத்தகம் சரிதான்" என்றார் கேப்டன். "டார்ச் இல்லாம போனா சாம்பல்தான். டார்ச் அடிச்சா செவப்பு பளிச்சுனு தெரியும். இவங்க தினமும் இறங்கறவங்க, டார்ச் இல்லாமலா இறங்குவாங்க?"

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் முதல் தடவையாக ஒரு மரியாதை இருந்தது. கேப்டன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் புரளும் சத்தம் கேட்டது. எதிர்பார்த்ததுதான்.

"ஒன்பது வருஷத்துலயும் உங்க கையில டார்ச் இல்லையே, கேப்டன்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

கேப்டன் தொட்டியைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார்.

"இல்லதான்" என்றார். "நான் பாத்தது சாம்பல் மீனுங்க. செவப்புன்னு நானா சொல்லிக்கிட்டேன். எழுதிக்கோங்க."

டைப்பிஸ்ட் அம்மா எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். துறைமுகத்தம்மா வளையத்தைவிட்டு எழுந்தார். வாளியிலிருந்து வலையை எடுத்து உதறி, நேரே வந்து கேப்டன் கையில் வைத்தார். முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்காரவைத்தார். மற்ற எட்டுப் பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வலை அவர் கையில் இருந்ததே. வளையம் அவரை வாங்கிக்கொண்டது, கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக்குத்தான் பொறுக்கவில்லை. சட்டத்தை மீறி மெதுவாகக் கேட்டார், ஏறக்குறையக் கெஞ்சலாக.

"ஆனா கேப்டன், முப்பது மீட்டர் நெஜம்தானே?"

அடுப்படி வாசலில் மனைவி கையிலிருந்து டம்ளர் ஒன்று உருண்டு விழுந்தது.

"அது சத்தியம்" என்றார் கேப்டன், வளையத்தில் நன்றாக அமுங்கி உட்கார்ந்துகொண்டு.